தரிசு என்று எழுதுமுன்...



ஆண்டு மலர் என்றால் நட்பு, தாய்மை, தன்னம்பிக்கை, கம்ப்யூட்டர் என்று கட்டுரைகள் வரிசையாக வரும். நடுவில் ஒருவன் சேற்றைப் பற்றி எழுதியிருக்கிறானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது சேற்றைப் பற்றி மட்டும் அல்ல. இன்னும் சில வருடங்களில் உங்கள் கையெழுத்து விழப்போகிற ஒரு காகிதத்தைப் பற்றியது.

நாம் டிப்ளமோ முடித்து வெளியே போவோம். ஒருவர் ஓவர்சியர் ஆவார், ஒருவர் சர்வே கம்பெனியில் சேருவார், ஒருவர் காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர் ஆவார். ஒரு நாள் கடலோரத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "தம்பி, இதை அளந்து ரிப்போர்ட் குடு" என்பார்கள். அங்கே வீடு இருக்காது, பயிர் இருக்காது, மரம்கூட இருக்காது. சேறும், உப்பும், முழங்கால் உயரத்துக்குச் செடியும் இருக்கும். நிலத்தின் தன்மை என்ற இடத்தில் நம் பேனா தானாகவே "தரிசு" என்று எழுதிவிடும்.

அந்த ஒரு சொல்லை எழுதுமுன் கொஞ்சம் நில்லுங்கள் என்பதுதான் என் கட்டுரை.

தூங்கிப் போகிற இடம்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வயல் முடியும். தென்னந்தோப்பு முடியும். அப்புறம் அங்கங்கே வெட்டவெளி வரும். மழைக்காலத்தில் பச்சை, கோடையில் சிவப்பும் ஊதாவும், நடுநடுவே வெள்ளையாக உப்புப் பூத்த தரை. சுற்றுலா வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தூங்கிப்போவார்கள்! படகுத்துறை வந்ததும் கண் விழிப்பார்கள். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) முதல் கமலின் 'தசாவதாரம்' (2008) வரை சினிமாக்காரர்களும் அலையாத்திக் காட்டைத்தான் படம் பிடித்தார்கள். இந்த வெட்டவெளியை யாரும் படம் பிடிக்கவில்லை.

எங்க ஆயாவுக்கு மட்டும் அந்த இடம் நன்றாகத் தெரியும். அங்கே வளர்வது உமரி. இளசாகக் கிள்ளி வந்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, பிழிந்து, பருப்போடு சேர்த்துக் கடைவாங்க. உப்புப் போட மாட்டாங்க. உப்புப் போடாமலே சமைக்கிற கீரை இந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்து! கடலூர் மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில் இருந்து வருகிற நண்பர்கள் பல பேர் இதைச் சாப்பிட்டிருப்பீர்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் உமரிக்காடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. இதற்குப் பெயர் இல்லாமல் போகவில்லை. ரிப்போர்ட்டில்தான் பெயர் இல்லை.

உப்பைத் தின்று வாழும் செடி

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். ஆனால் மண்ணில் உப்பு ஏறினால் அந்த மண்ணையே குப்பை என்று விடுகிறோம். காரணம், நெல்லும் உளுந்தும் அங்கே பிழைக்காது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அந்தத் தண்ணீர் வேரைச் சுற்றி நின்றால், சவ்வூடு பரவல் என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அதன்படி வேரில் இருக்கிற தண்ணீரும் வெளியே போகப் பார்க்கும். தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் சாகும்.

உமரி சாகாது. அது உப்பை உள்ளே இழுத்து, இலையின் செல்லுக்குள் தனி அறை மாதிரி இருக்கிற பையில் அடைத்து வைக்கிறது. உள்ளே உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே வரும். இலை தடித்துச் சதைப்பற்றாக இருப்பது அதனால்தான். உமரி என்று ஒரே பெயரில் நாம் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. கீரைக்குக் கிள்ளுகிற, சின்னச் சின்ன உருண்டை இலை உள்ளது ஒன்று. தாவரவியலில் சுவேடா என்பார்கள். அதிலேயே ஆளுயரத்துக்குப் புதராக வளர்கிற பெரிய வகை ஒன்று. இலையே இல்லாத மாதிரி, கணுக்கணுவாகப் பச்சைக் குச்சிகளை அடுக்கி வைத்தது போன்ற சாலிகோர்னியா இன்னொன்று. உப்பு மிதமிஞ்சினால் அதன் பழைய கணுக்கள் காய்ந்து உதிர்ந்துவிடும். இவற்றோடு தரையில் படர்ந்து சின்ன இளஞ்சிவப்புப் பூ பூக்கும் செசுவியம், உப்பைத் தாங்கும் குட்டைப் புல். பக்கத்தில் நிற்கும் அலையாத்தி மரத்தில் வெண்கண்டல் வகைக்கு இன்னொரு வித்தை தெரியும்: இலையில் இருக்கிற சுரப்பி வழியே உப்பை வெளியே தள்ளிவிடும். காலையில் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்கிறோமே, பியூரெட்டில் ஆசிட், பிளாஸ்கில் ஆல்கலி! அந்த 'ஆல்கலி' என்ற சொல்லே இந்த இனத்துச் செடிகளிலிருந்து வந்ததுதான். உவர்ச் செடிகளை எரித்துக் கிடைத்த சாம்பலுக்கு அரபு மொழியில் இருந்த பெயர் அது. அந்தச் சாம்பலில் சோடா உப்பு அதிகம். கண்ணாடியும் சோப்பும் செய்ய ஐரோப்பா அதை விலை கொடுத்து வாங்கியது. ஸ்பெயின் தேசம் இதற்காகவே இந்தச் செடிகளைப் பயிரிட்டது. 1791ல் பிரான்சில் லெபிளாங் என்பவர் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்த வியாபாரம் படிப்படியாகப் படுத்தது. இன்றைக்கும் குஜராத் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் சாலிகோர்னியாவிலிருந்து தாவர உப்பு எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஒன்றுக்கும் உதவாத செடி என்று இதைச் சொல்ல முடியுமா, நண்பர்களே?

செடியே பெஞ்ச் மார்க்

இப்போது சிவில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். மற்ற பிரிவினரும் கேளுங்கள், கஷ்டமான விஷயம் இல்லை.

நம் கடற்கரையில் கடல் தினமும் ஏறி வற்றும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் அதிகமாக ஏறும். தினமும் தண்ணீர் வந்துபோகிற வாய்க்கால் ஓரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கும். அதைவிடச் சற்று மேடான இடத்துக்குப் பெரிய ஏற்றத்தின்போது மட்டும் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் வெயிலில் காயும், உப்பு தங்கும். அடுத்த தடவையும் அப்படியே. இதனால் கடலை விட அந்த மண்ணில் உப்பு அதிகமாகிவிடும்! அங்கே மரத்தால் நிற்க முடியாது. உமரி நிற்கும். இன்னும் மேட்டில், வரப்பு மாதிரியான இடத்தில், ஆளுயர உமரி. அதற்கும் மேலே, கடல் நீர் எட்டாத இடத்தில் வேலிக்காத்தான் வந்துவிடும். தண்ணீர் வடிய வழியே இல்லாத குழியில் எதுவும் முளைக்காமல் வெள்ளை உப்பு மட்டும் பூக்கும்.

இந்த வரிசை முழுவதும் எவ்வளவு உயர வித்தியாசத்தில் நடக்கிறது தெரியுமா? சில இடத்தில் ஒரு சாண், இரண்டு சாண் வித்தியாசத்தில்! நம்ம லெவலிங் ஸ்டாஃபில் ஒரு கோடு 5 மில்லிமீட்டர். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, குமிழியை நடுவில் கொண்டுவந்து, பேக் சைட், ஃபோர் சைட் என்று எழுதி நாம் கண்டுபிடிக்கிற மட்டத்தை, அந்தச் செடி தன் நிறத்தால் எழுதி வைத்திருக்கிறது.

ரயில்வே ஸ்டேஷனில் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரோடு, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டம் என்றால் ஒரு நாள் அளந்தது அல்ல, பல வருடம் கடல் ஏறி வற்றியதன் சராசரி. உமரியும் அப்படித்தான். நாம் போய் ஒரு நாள் அளக்கிறோம். அது வருடக்கணக்காக அங்கேயே நின்று ஒவ்வோர் ஏற்றத்தையும் வற்றத்தையும் அளந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மண்ணின் உப்பு கரையும்போது அதன் விதை முளைக்கும். கோடையில் உப்பு ஏற ஏற நிறம் மாறும். மழை எவ்வளவு நின்றது, எங்கே வடிந்தது என்பதும் அதில் பதிவாகிவிடுகிறது. சம்பளம் வாங்காத சர்வேயர்!

நம்ம சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும் என்று பயப்படுவார்கள். கோயிலின் தலவிருட்சமும் அதுதான். அந்த மரம் உப்புத் தண்ணீர் வந்துபோகும் காட்டில் வளர்கிற இனம். இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் போக வேண்டும். ஊர்ப் பெயரிலேயே நிலத்தின் தன்மையை எழுதி வைத்தார்கள் நம் முன்னோர். ஆறுக்கும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். கடலூருக்கு ஓர் உப்பனாறு, பிச்சாவரத்துக்கு ஓர் உப்பனாறு.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

பிச்சாவரம் காடு எப்போதும் இப்படிப் பச்சையாக இருந்ததாக நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே விறகுக்காகக் கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். ஒரு பகுதி முழுவதையும் மொட்டையாக வெட்டுவது, தானாக வளரட்டும் என்று விடுவது, அடுத்த பகுதிக்குப் போவது. சாதாரணக் காட்டில் திரும்ப முளைக்கும். இங்கே முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் காய்ந்து மண் அமுங்கி, அந்த இடம் தட்டு மாதிரி நடுவில் பள்ளமானது. உள்ளே வந்த ஓதம் வெளியே போக முடியாமல் தேங்கி, காய்ந்து, உப்பாக மாறியது. அலையாத்தி விதை விழுந்தாலும் பிழைக்கவில்லை. உமரி மட்டும் வந்து உட்கார்ந்தது.

"ஆடு மாடு மேய்ஞ்சதாலதான் காடு அழிஞ்சது", "ஊர்க்காரங்க விறகு வெட்டினாங்க" என்று பழி முழுவதும் ஏழைகள் தலையில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. 1990களில் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வனத்துறையோடு சேர்ந்து மட்டம் எடுத்துப் பார்த்தார்கள். முக்கியக் காரணம் தண்ணீர் வடியாதது என்று தெரிந்தது. பிறகு என்ன செய்தார்கள்? மருந்து தெளிக்கவில்லை, உரம் போடவில்லை. வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கை ஓடையோடு சேரும் ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் உள்ளே வந்தது, வெளியே போனது, உப்பைக் கழுவியது. கரைச் சரிவில் அலையாத்திக் கன்று நட்டார்கள். காடு திரும்பியது. அந்த வேலையில் ஊர் மக்களும் சேர்ந்தே நின்றார்கள். கையால் துழாவியே இறால் பிடிக்கிற இருளர் மக்களுக்குக் காடு என்பது காட்சிப் பொருள் அல்ல, உலை வைக்கிற இடம். 2022ல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இதில் நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் காட்டைக் காப்பாற்றியது லெவலும் வாய்க்காலும்! நாம் மூன்று வருடம் படிக்கிற பாடம்தான் அது. கரையின் சாய்வு, அடிமட்டம், நீரோட்டம் தெரிந்த ஒரு டிப்ளமோகாரன் மனசு வைத்தால் ஒரு காடு பிழைக்கும். மனசு வைக்காவிட்டால் ஒரே ஒரு ரோட்டால் அதைக் கொல்லவும் முடியும். எப்படி? உப்புச் சேற்று நிலத்தின் குறுக்கே மண் அடித்து ரோடு போடுங்கள், அடியில் பைப் வைக்காதீர்கள், அல்லது வைத்த பைப்பின் அடிமட்டத்தை அரை மீட்டர் உயர்த்தி வையுங்கள். போதும். சில வருடத்தில் ரோட்டுக்குக் கடல் பக்கம் பச்சையாகவும், இந்தப் பக்கம் வெள்ளையாகவும் ஆகிவிடும்.

உமரி இருந்தால் நோயா?

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. பிச்சாவரத்தில் மரம் அழிந்த இடத்தில் உமரி வந்தது என்றால், உமரி என்பதே அழிவின் அடையாளம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். உடனே எங்கே உமரி இருந்தாலும் பிடுங்கிவிட்டு அலையாத்திக் கன்று நட வேண்டும் என்கிறார்கள். ஜூலை 26 உலக அலையாத்தி நாள். பேனர் கட்டி, போட்டோ எடுத்து, கன்று நட்டால் விழா முடிந்தது. நட்ட கன்று அடுத்த கோடையில் செத்துப் போனால் கேட்க ஆள் இல்லை.

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இயற்கையாகவே உமரிக்கென்று அமைந்த மட்டம் ஒன்று உண்டு என்கிறேன். அந்த மேட்டில் மரம் வராது. அங்கே உமரியை அழித்துக் கன்று நட்டால் இரண்டும் போய்விடும். குத்துச்செடியாக இருப்பதால் அது மரத்தை விடத் தாழ்ந்த சாதியா? அந்தச் செடிக்கு நடுவேதான் நண்டு வளை தோண்டுகிறது. பெரிய ஏற்றத்தோடு வரும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அங்கே ஒதுங்குகின்றன. குளிர்காலத்தில் வருகிற கரைப்பறவைகள் மரக்கிளையில் அல்ல, இந்தத் திறந்த சேற்றில்தான் இரை தேடுகின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் செத்த செடி சீக்கிரம் மக்காமல் கரியாக மண்ணிலேயே தங்குகிறது; உலகமே கார்பனைப் பற்றிப் பேசும் இந்தக் காலத்தில் இதுவும் ஒரு லாபம். ஆக, ஒரே உமரி ஓரிடத்தில் தண்ணீர் அடைபட்டதைக் காட்டும், இன்னோர் இடத்தில் ஆரோக்கியத்தைக் காட்டும். எது என்று தெரிய மட்டம் எடுக்க வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மரத்தை விட ஊர் இருந்த உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் முக்கியம் என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். முழங்கால் உயர உமரி சுனாமியை நிறுத்தும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கடலை ஒட்டிய தாழ்நிலத்தை வெறுமனே விட்டு வைப்பது ஊருக்கு நல்லது.

ஒரு கை தரிசு என்கிறது, ஒரு கை பொக்கிஷம் என்கிறது

வேடிக்கையைக் கேளுங்கள். மத்திய அரசின் நிலவளத் துறையும் ஹைதராபாத்தில் உள்ள தொலையுணர்வு மையமும் சேர்ந்து 'இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு' வெளியிடுகின்றன. முதல் பதிப்பு 2000ல் வந்தது, பிறகு 2019 வரை பல பதிப்புகள். அதில் தரிசு வகைகளின் பட்டியலில் நீர் தேங்கிய சதுப்பு நிலமும் இருக்கிறது, உவர் ஏறிய நிலமும் இருக்கிறது.

அதே மத்திய அரசு 2011 ஜனவரியிலும் 2019 ஜனவரியிலும் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில், மிகவும் பாதுகாக்க வேண்டிய முதல் வகை இடங்களில் அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை இவற்றோடு உப்புச் சதுப்பு நிலத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஒரே சேறு. ஒரு காகிதத்தில் தரிசு, இன்னொரு காகிதத்தில் பொக்கிஷம்!

எந்தக் காகிதம் ஜெயிக்கும்? சைட்டில் முதலில் எழுதப்படுகிற காகிதம்தான். 1990களில் நாகை, கடலூர்க் கடற்கரையில் இறால் பண்ணைகள் வந்தபோது இதைத்தான் பார்த்தோம். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், ஈரநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் உப்பளத்தையும் இறால் பண்ணையாக மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2005ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளை முறைப்படுத்தியது. டெல்லி வரை போய் முடிகிற சண்டையெல்லாம், யாரோ ஒருவர் வரப்பில் நின்று "சும்மா கிடக்கிற நிலம்" என்று எழுதுகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

என் அப்பாவின் கூலியும் அதில்தான்

"வயிறு நிறைஞ்சவன் பேசுற பேச்சு" என்று யாராவது நினைத்தால், என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்க வம்சத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல் ஆள். அப்பா டிப்பர் லாரியில் லோடு ஆள். கிராவல் அடிக்கிற வேலை. எங்க ஊருக்குப் பக்கத்தில் உமரி வளர்ந்த ஒரு தாழ்நிலத்தை ஒருவர் வாங்கி மனை போட்டார். யாரென்பது முக்கியமில்லை. பொக்லைன் வந்தது, டிப்பர் வந்தது. அப்பாவும் அங்கே மண் அடித்தார். நான் கட்டிய செமஸ்டர் பீஸில் அந்தக் கூலியும் இருக்கிறது.

அடுத்த ஐப்பசி மழையில், எப்போதும் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கிற தண்ணீர் எங்க தெருவில் வந்து நின்றது. அடுப்படி வரைக்கும். அப்பா ஒன்றும் பேசவில்லை. "நான் கொட்டாட்டி வேற ஆள் கொட்டியிருப்பான்டா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது உண்மைதான். கூலிக்காரனிடம் யாரும் கேட்டுவிட்டு மண் கொட்டுவதில்லை. ஆனால் மட்டம் எடுத்த ஆளிடம் கேட்டிருப்பார்கள். அந்த ஆள் படித்தவர். நம்மைப் போல.

கடலூரை வடிகால் மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேலே பெய்கிற மழையெல்லாம் நம்ம வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2015 நவம்பர், டிசம்பரில் என்ன பட்டோம் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடல் ஏற்றமாக இருக்கும்போது ஆற்றுத் தண்ணீர் உள்ளே போகாது. சில மணி நேரம் எங்காவது நின்றாக வேண்டும். அது நிற்கிற இடம்தான் இந்தத் தாழ்நிலம். அதை நிரப்பினால் தண்ணீர் காணாமல் போகாது, விலாசம்தான் மாறும்.

வேலை வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம், ரோடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் வேலை வேண்டும். அப்பாவுக்கு முதுகு வலி வந்துவிட்டது. நான் சொல்வது கணக்கைச் சரியாகப் போடுங்கள் என்பது. ஐ.எஸ். 456 (2000) என்ற கான்கிரீட் விதிநூலில் சூழ்நிலையை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். லேசான சூழ்நிலையில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 போதும். ஓதம் ஏறி இறங்கும் இடத்துக்கு உச்சகட்ட வகை, குறைந்தபட்சம் எம்40! காரணம் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சல்பேட்டு கான்கிரீட்டைத் தின்னும். அந்தச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, கடல் நீரின் சல்பேட்டை நுண்ணுயிர்கள் மாற்றுவதால் வருகிற நாற்றம் அது. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களே, உங்கள் பைப்புக்கும் டவருக்கும் எர்த் கம்பிக்கும் இதே கதைதான். "மலிவான தரிசு" என்று வாங்கிய நிலம், அஸ்திவாரம் போடும்போது எவ்வளவு விலை என்று தெரிய வரும். உமரி அதை முன்கூட்டியே சொல்கிறது.

நாம் செய்யக்கூடியது

பெரிய போராட்டம் எதற்கும் நான் அழைக்கவில்லை. நம்ம கைக்குள் இருக்கிற மூன்று விஷயங்கள் போதும்.

ஒன்று, சர்வே கேம்ப் போகும்போது ஃபீல்டு புக்கில் மட்டத்துக்குப் பக்கத்திலேயே அங்கே என்ன செடி நிற்கிறது என்று ஒரு வரி எழுதுவோம். பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கிறவரிடமோ இறால் பிடிக்கிறவரிடமோ கேட்டால் சொல்வார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. உலகெங்கும் இருந்து ஆராய்ச்சியாளர்கள் வருகிற இடம் நமக்கு டவுன் பஸ் தூரம். நம் பேரவை ஒரு நாள் அங்கே நம்மை அழைத்துப் போகலாமே?

இரண்டு, கடலோரத்தில் ரோடு, கரை, காம்பவுண்டு எது வரைந்தாலும், "ஓதம் எங்கே போகும்?" என்ற கேள்வியை டிராயிங்கில் கேட்போம். பைப்பின் அடிமட்டத்தை ஓடையின் அடிமட்டத்தோடு பொருத்துவோம். கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

மூன்று, "தரிசு" என்ற சொல்லை நம் பேனாவிலிருந்து எடுத்துவிடுவோம். உப்புச் சதுப்பு, உமரி நிலம், ஓதம் ஏறும் தாழ்நிலம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுவோம். மேலே இருக்கிறவர்கள் என்ன முடிவு எடுத்தாலும் தெரிந்தே எடுக்கட்டும். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல நம் ரிப்போர்ட் இடம் கொடுக்கக் கூடாது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். கீரையாக, இறாலாக, வெள்ளத் தண்ணீரைத் தாங்கிய பள்ளமாக நமக்கு உப்பிட்ட நிலம் இது. நினைத்தால் மட்டும் போதாது நண்பர்களே, அளக்கும்போது அதன் பெயரைச் சரியாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்!